இரசாயனம்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

விஞ்ஞானச் சொல்லொன்று பாடநூலிலிருந்து மக்கள் வழக்கிற்கு வரும்போது அதன் பொருள் திரிவதுண்டு. அத்திரிபை அறியாமை என ஒதுக்கிவிடுவது வரலாற்றுநோக்கு ஆகாது. ‘இரசாயனம்’ இதற்குத் தக்க சான்றாகும்.

மரபுவழி மருத்துவத்தில் இரசாயனம் என்பது மூப்பையும் பிணியையும் அகற்றி உடலைப் புதுப்பிக்கும் மருந்தைக் குறித்தது. நவீன விஞ்ஞானம் தமிழுக்கு வந்தவுடன் இச்சொல் அதற்கு உரியதாகிவிடவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1875இல் வெளிவந்த நூல் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் பெற்றது. பின்னர் ஈழத்துப் பாடநூல்கள் ‘இரசாயனவியல்’ என்பதை ஏற்றன. தமிழகத்தில் ‘வேதியியல்’ நிலைபெற்றது. வேதித்தலும் தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்க முயன்ற இரசவாதிகளின் சொல்லே. ஆக, இரு சொற்களும் மேன்மையான மாற்றத்தையே சுட்டின.

இன்றைய வழக்கு இதற்கு மறுதலையானது. வெள்ளவத்தைச் சந்தையில் ‘இரசாயனம் போடாத மாம்பழம்’ என்றால் நஞ்சில்லாதது என்றே விளங்கிக்கொள்வர். நீரும் உப்புங்கூட இரசாயனப் பொருள்களே என்று ஆசிரியர் திருத்தலாம். ஆயின், இரத்மலானை மக்கள் இச்சொல்லின் பொருளை ஆய்வுகூடத்தில் அறிந்தவரல்லர். அங்குப் பெருகிய தொழிற்சாலைகளின் கழிவு அயலிலுள்ள லுனாவக் களப்பிற் கலந்து, மீன்வளத்தை அழித்தது. 2021 மே மாதத்தில் 25 தொன் நைத்திரிக்கமிலத்துடன் வந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது, பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. மீனவர் தொழில் இழந்தனர். இத்தகைய அனுபவங்களே மருந்தின் பெயரை நஞ்சின் பெயராக்கின.

எனினும், இவ்வச்சத்தின் எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. அதே மாதத்தில் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நஞ்சற்ற வேளாண்மை என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். நெல்லும் தேயிலையும் விளைச்சல் குன்றின. நவம்பரில் தடை தளர்ந்தபோது இழப்பைச் சுமந்தோர் சிறு விவசாயிகளும் தோட்டத் தொழிலாளருமே. மக்களின் நியாயமான அச்சம் அவர்களுக்கு எதிராகவே பயன்பட்டது.

பொருளைக் குற்றவாளியாக்கும் சொல், அப்பொருளை உற்பத்தி செய்து இலாபத்தை எடுத்துக்கொண்டு கழிவை அயலவர்க்கு விடுபவரை மறைத்துவிடுகிறது. எந்த இரசாயனம், எவ்வளவு, எவருடைய தீர்மானத்தால் என்று இரத்மலானைத் தொழிலாளி தன் மொழியிலேயே வினவ வேண்டும். விஞ்ஞானத் தமிழின் இன்றைய கடமை அவ்வினாவுக்கு வேண்டிய அறிவை அவர் கையில் சேர்ப்பதே என்பது எமது கருத்தாகும்.