பேரேட்டறையின் வாசல்

காம்பார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கிராணியின் அலுவலகம் நினைவிருக்கும். பெரட்டில் கூப்பிட்ட பெயர், வேலை செய்த நாள், நிறுத்த பாலின் எடை எல்லாம் அங்கிருந்த செக்ரோலில் ஏறும். கணக்கில் ஐயம் என்றால் நேரில் போய் நிற்க வேண்டும். காட்டுவதோ மறுப்பதோ கிராணியின் கையில்.

இன்று அந்தப் பேரேடு கணிப்பொறியில் தரவுத்தளமாகிவிட்டது. கிராணியின் வேலையைச் சர்வர் பார்க்கிறது. ஈப்போவிலுள்ள கணக்கைக் காம்பாரில் இருந்தபடியே கேட்டுப் பெறலாம். இதைத் தொலைவிணைப்பு என்கிறோம். சர்வர் எண்ணிட்ட ஒரு வாசலில் காதுகொடுத்துக் காத்திருக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். சர்வருக்கு அந்த எண் வழக்கமாக 1433. எந்த வாசலுக்குப் போவது என்று வழி சொல்ல 1434. ஈப்போக் கிளைக்காக நாம் திறக்கும் வாசல், காவல் வைக்காவிட்டால், உலகம் முழுவதற்கும் திறந்ததாகிவிடும்.

அது எத்தகைய ஆபத்து என்பது 2003 ஜனவரி 25, சனிக்கிழமை தெரிந்தது. நம் நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணியளவில் 'ஸ்லாமர்' என்னும் கணிப்பொறிப் புழு 1434 வழியே நுழைந்தது. அதன் அளவு வெறும் 376 பைட்! தொடக்கத்தில் எட்டரை நொடிக்கு ஒருமுறை இரட்டித்தது; பத்தே நிமிடத்தில், இடங்கொடுக்கக்கூடிய கணிப்பொறிகளில் பத்தில் ஒன்பதைப் பிடித்தது. பேரேட்டில் ஓர் எழுத்தையும் அது அழிக்கவில்லை. தன்னைத்தானே அனுப்பி அனுப்பி வழியை அடைத்தது, அவ்வளவுதான். தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் வங்கிப் பணப்பொறிகள் நின்றன. பழுதை அடைக்கும் திருத்தம் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. ஆனால், வேறு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த சிறிய சர்வர் தம் கணிப்பொறியில் இருப்பதையே பலர் அறியவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. இருப்பதே தெரியாத கதவை யார் பூட்டுவார்?

2005-ஆம் ஆண்டுப் பதிப்பின் இலவச வகை வாசலை மூடியபடியே வந்தது. எல்லாரும் பாடம் கற்றுவிடவில்லை. 2017 ஜனவரியில், கடவுச்சொல்லின்றித் திறந்துகிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பிணைப்பணம் கேட்கப்பட்டது. அதன் 3.6 பதிப்பு தன் கணிப்பொறிக்கு வெளியே செவிகொடுக்காமல் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

காம்பாரின் பழைய ஈயலம்ப நிலத்தில் 2007-இல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் திறந்தது. அங்கே கணிப்பொறி பயிலும் மாணவர் அந்த இலவச சர்வரை நிறுவி, அடுத்த மேசையிலிருந்து அழைத்தால் இணைப்புக் கிடைக்காது. அவரே வாசலைத் திறந்து, இன்ன முகவரியிலிருந்து மட்டும் வரலாம் என்று காவலுக்குச் சொல்ல வேண்டும்.