வற்றிய மகாவலியும் ரொஸ்ஸின் கணக்கும்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்ப்பது எனக்கு நெடுநாளைய வழக்கம். பத்திரிகைப் பணிக்காகக் கண்டிக்குச் சென்ற நாட்களிலும், ஓய்வுபெற்ற பின்னர் உறவினரைப் பார்க்கச் சென்ற நாட்களிலும் அதை நான் தவறவிட்டதில்லை. கோடையில் ஆறு மெலியும். கரையோரப் பாறைகளின் இடுக்குகளில் தெளிந்த நீர் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். பயணிகளுக்கு அது அழகிய காட்சி. 1934ஆம் ஆண்டின் கதையைப் படித்தவருக்கு அந்தக் குட்டைகளைப் பார்க்கையில் மனம் கனக்கும்.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலி, மா ஓயா, தெதுரு ஓயா ஆகிய ஆறுகளில் ஓட்டம் நின்று குட்டைகளே எஞ்சின. ஒக்டோபர் இறுதியில் கேகாலை, குருநாகல், கண்டி மாவட்டங்களின் கிராமங்களில் காய்ச்சல் தொடங்கியது. டிசெம்பரில் அது வெள்ளமாகப் பெருகியது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் மக்கள்தொகை 53 இலட்சம். அவர்களில் ஏறக்குறைய 15 இலட்சம் பேரை மலேரியா பீடித்தது. 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் மாண்டனர். மாண்டவர்களில் குழந்தைகள் ஏராளம். உலகப் பொருளாதார மந்தம் ஏற்கெனவே வயிற்றில் அடித்திருந்தது. வறட்சியில் வயலும் பொய்த்தது. பசித்த உடலைக் காய்ச்சல் எளிதாகக் கொண்டுசென்றது.

என்னை நீண்டகாலம் குழப்பிய செய்தி ஒன்றுண்டு. காலங்காலமாக மலேரியா குடிகொண்டிருந்தது வடக்கிலும் கிழக்கிலும் பரந்த வறண்ட வலயத்தில். ஆனால் பேரழிவு நேர்ந்ததோ மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியின் பள்ளத்தாக்குகளில். வழக்கமாக நோய் குறைவாயிருந்த இடத்தில் மரணம் மிகுந்ததேன்? இதற்கு விடை தேடப் போனபோதுதான் எனக்குச் சற்றும் பழக்கமில்லாத துறைக்குள், அதாவது கணிதத்துக்குள் நுழைய நேர்ந்தது.

ரொனால்ட் ரொஸ் என்ற பெயரைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர்; இந்திய மருத்துவச் சேவையில் பணியாற்றியவர். 1897 ஓகஸ்ட் 20ஆம் நாள் செக்கந்திராபாத்தில் நுளம்பின் குடல் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாடப்புத்தகம் அத்தோடு நின்றுவிடுகிறது. ரொஸ்ஸோ அதற்குப் பின்னர் கணிதத்தில் இறங்கினார். 1908இல் மொரீசியஸ் தீவு பற்றி எழுதிய அறிக்கையிலும், 1911இல் விரித்து வெளியிட்ட மலேரியாத் தடுப்பு நூலிலும் ஒரு நோயின் போக்கைச் சமன்பாடுகளாக எழுதினார்.

அவர் எழுப்பிய கேள்வி எளியது. ஒரு நோயாளி குணமடைவதற்கு முன்னர், நுளம்புகளின் வழியாகச் சராசரியாக எத்தனை புதிய நோயாளிகளை உண்டாக்குகிறார்? ஒன்றுக்குக் குறைவானால் நோய் தானே அணையும். ஒன்றுக்கு மேற்பட்டால் பரவும். அந்த எண் இரண்டானால், நூறு நோயாளிகள் பத்தாவது சுற்றில் ஓர் இலட்சத்தைத் தாண்டுவர். ஒன்று என்ற அந்த எல்லையே வாசற்படி. படிக்கு இப்பால் நிற்கும்வரை நுளம்புகள் ஓரளவு பெருகினாலும் ஊரில் பெரிய மாற்றம் தெரியாது. படியைத் தாண்டியதும் அதே அளவு பெருக்கம் ஊரையே வீழ்த்தும். காரணமும் விளைவும் சம அளவில் வளராத இத்தகைய போக்கையே கணித அறிஞர்கள் நேரியலற்றது என்கின்றனர். எல்லா நுளம்புகளையும் அழிக்க வேண்டியதில்லை, எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் போதும் என்ற நம்பிக்கையை ரொஸ்ஸின் கணக்கு தந்தது. எல்லையை மறந்தால் என்ன நேரும் என்ற எச்சரிக்கையும் அதற்குள்ளேயே இருந்தது.

ரொஸ்ஸைப் பின்பற்றிய மக்கென்றிக் என்ற மருத்துவரும் இந்தியாவில் பணியாற்றியவரே. ஆய்வுகூட விபத்தொன்றில் பார்வையை இழந்த கெர்மக் என்ற வேதியியலாளருடன் இணைந்து 1927இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளம். பம்பாயில் 1905-06இல் நிகழ்ந்த பிளேக் மரண எண்ணிக்கையை அவர்கள் தம் சமன்பாட்டோடு ஒப்பிட்டுக் காட்டினர். நோய் பற்றக்கூடிய நிலையில் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதைப் பொறுத்தே கொள்ளைநோய் எழும். அத்தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும், ஊரில் அனைவரையும் பீடிக்காமலேயே அது ஓயும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு 1934ஐப் பார்த்தால் புதிர் அவிழ்கிறது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பு, வெயில்படும் தெளிந்த தேங்குநீரில் முட்டையிடுவது. ஆறு பாயும் ஆண்டுகளில் அதன் குடம்பிகளை வெள்ளம் அடித்துச் சென்றுவிடும். ஆகவே மகாவலிக் கரையில் நோய் குறைவாயிருந்தது. நோய் குறைந்ததால் மக்களின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்தது. முந்தைய சில ஆண்டுகளின் நல்ல மழை, நோயறியாத உடல்களை ஊர் ஊராகச் சேர்த்து வைத்திருந்தது. ஆறு வற்றிய ஆண்டில் இரு வாசற்படிகளும் ஒருங்கே தாண்டப்பட்டன. வறண்ட வலயத்தவரோ இடைவிடாத நோயினால் ஓரளவு எதிர்ப்பைப் பெற்றிருந்தனர். குளிர்ந்த உயர்மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. குளிரில் ஒட்டுண்ணி நுளம்பின் உடலுக்குள் முதிர்வதற்கு நாட்கள் அதிகம் வேண்டும். அதற்குள் நுளம்பே இறந்துவிடும்.

அந்த நாட்களில் கொயினா மருந்தும் பருப்பும் சுமந்து கிராமம் கிராமமாக நடந்த இளைஞர்களுள் என். எம். பெரேராவும் எஸ். ஏ. விக்ரமசிங்கவும் இருந்தனர். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த அவர்கள் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோரில் முக்கியமானவர்கள். இந்நாட்டு இடதுசாரி அரசியலின் வேர்களில் ஒன்று அந்தக் காய்ச்சல் படுக்கைகளின் அருகே ஊன்றியது.

கதையின் அடுத்த பகுதியே எனக்கு முக்கியமானது. 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட், ரொஸ்ஸின் கணக்கைத் திருத்தி ஒன்றைச் சுட்டினார். நோயாளியைக் கடித்த நுளம்பு, மற்றவருக்கு நோயைக் கொடுக்கச் சுமார் பத்து நாட்களாவது உயிர்வாழ வேண்டும். நாளொன்றுக்கு நூற்றில் 90 பிழைக்குமானால் பத்தாம் நாள் 35 எஞ்சும். நாளுக்கு 80 பிழைத்தால் எஞ்சுவது 11. நாளுக்கு 70 என்றால் மூன்றுகூட இல்லை. நுளம்பின் ஆயுளைச் சற்றே குறைத்தால் நோய் பன்மடங்கு குறையும். நுளம்பு இளைப்பாறும் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளித்தது அதனாலேயே அத்துணை பலன் தந்தது. 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர் மாத்திரமே.

வெற்றி என்று எண்ணித் தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5,37,000ஐத் தாண்டியது. டி.டி.ரி.யைத் தடை செய்ததால் வந்த வினை என்று இன்றும் சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. நோய் ஒழிந்துவிட்டதெனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டதே உண்மை. மீண்டும் தெளித்தபோது நுளம்புகள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தன. 1977இல் மலத்தியோனுக்கு மாற நேர்ந்தது. பதினேழு என்ற எண்ணைப் பார்த்தவர்கள் அடுத்தது பூச்சியம் என்று நேர்கோடு வரைந்தனர். ஒன்று என்ற எல்லைக்கு எப்பக்கம் நிற்கிறோம் என்று கேட்க மறந்தனர்.

பிறரைக் குறை கூறி நான் தப்பிக்க இயலாது. 1980களின் பிற்பகுதியில், மகாவலித் திட்டத்தின் அணைகள் ஆற்றின் ஓட்டத்தை மாற்றிய பின்னர், கண்டியைச் சூழ்ந்த ஆற்றங்கரைகளில் மலேரியா தலைகாட்டியது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் பொறியியலாளர் போட்ட கணக்கில் நுளம்புக்கு இடமில்லாது போயிற்று. அப்போது செய்தி மேசையில் இருந்த நான், ஆற்றோரக் காய்ச்சல் பற்றிச் சுற்றுவட்டார நிருபர் அனுப்பிய நீண்ட குறிப்பை மூன்று வரிகளாகச் சுருக்கினேன். போர்ச் செய்திகள் பக்கத்தை அடைத்திருந்தன. நோயாளர் தொகையோ சிறியதாயிருந்தது. சிறிய எண் செய்தியாகாது என்பது எங்கள் தொழிலின் எழுதாத விதி. தொற்றுநோயைத் தடுக்கக்கூடிய காலம் அந்த எண் சிறியதாய் இருக்கும் காலமே என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

1999இல் 2,64,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்த மலேரியாவை, போர்க்காலத்திலும் ஓயாது உழைத்த சுகாதார ஊழியர்கள் படிப்படியாக அடக்கினர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. 2018 டிசெம்பரில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளி ஒருவரிடமிருந்து உள்ளூரில் ஒருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்து மேலும் பரவாது தடுத்தனர். அந்த ஒற்றை நோயாளியின் பின்னால் எத்தனை ஊழியர்கள் வீடு வீடாக அலைந்திருப்பர்!

நுளம்பு இன்னும் இருக்கிறது. ஆறும் கோடையில் வற்றுகிறது. 1934ஐ அறிந்த தலைமுறை போய்விட்டது. இன்று பிறக்கும் பிள்ளைகளின் உடல் மலேரியாவை அறியாது. அது நமக்குக் கிடைத்த பேறு. மகாவலிக் கரைவாழ் மக்கள் 1934க்கு முன்னர் இருந்த நிலையும் ஏறக்குறைய இதுவே என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே இளம் பத்திரிகை நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். காய்ச்சல் கண்டோர் இருவர், மூவர் என்று தொலைவிலுள்ள ஊரிலிருந்து ஒரு குறிப்பு வந்தால், அதை வெட்டுவதற்கு முன்னர் அந்த ஊரில் ஆறு எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.