தட்டம்மையும் தடம் மாறிய வெள்ளணுக்களும்

1907இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே காசநோய்த் தொற்றை அறிய ஒரு தோல் சோதனையைக் கொண்டுவந்தார். முன்கையில் காசநோய்க் கிருமியின் சாறான டியூபர்குலின் துளியை இட்டு லேசாகக் கீறுவார். கிருமி ஏற்கெனவே தொற்றியிருந்தால் ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து தடிக்கும். மறு ஆண்டு ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார். தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு, முன்பு தடித்த தோல் இப்போது தடிக்கவில்லை. அம்மை இறங்கியபின் மீண்டும் தடித்தது. அவர் தேடிப் போனது காசநோயை. கையில் சிக்கியதோ, வைரஸ் நோயெதிர்ப்பை முடக்கும் என்பதற்கு முதல் சான்றாக இன்றும் காட்டப்படும் செய்தி.

காரணம் சொல்ல அன்று வழியில்லை. லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குள் புகுந்து மறுபடி இரத்தத்துக்கே திரும்புகின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளில் நிறுவியது 1950களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும்தான். டியூபர்குலின் இட்ட தோல் தடிப்பதும் இரத்தத்திலிருந்து அங்கே வந்து கூடும் டி செல்கள் என்னும் லிம்போசைட்டுகளால்தான்.

2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தட்டம்மை வைரஸ் நுழையும் வாசலைக் கண்டார்கள்: நோயெதிர்ப்புச் செல்களின் மேலிருக்கும் ஸ்லாம் என்னும் புரதம். நுரையீரலில் காவல் நிற்கும் செல்களையே வைரஸ் வண்டியாக்கி, நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்ந்து, அங்குள்ள லிம்போசைட்டுகளில் பெருகுகிறது. இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சில நாட்கள் சரிகிறது. பழைய கிருமிகளை அடையாளம் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் பலவும் மடிவதால், உடலின் பலவீனம் தடிப்புகள் மறைந்த பிறகும் மாதக்கணக்கில் நீள்கிறது.