‘மாத்திரம்’ என்னும் சொல்: இயந்திரத் தீர்மானமும் சட்டமும், 1978–2023

செயற்கை நுண்ணறிவு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியனவாகவே அமைகின்றன. இயந்திரம் மனிதனை விஞ்சுமா என்னும் வினா முன்னிற்க, இயந்திரக் கணிப்பைக் கொண்டு அரசு மக்களை எவ்வாறு வகைப்படுத்தி வந்துள்ளது என்னும் வரலாற்று வினா பின்தள்ளப்படுகின்றது. இவ்வினாவுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுச் சட்ட வரலாறு உண்டு.

1974 மார்ச் 21 இல் பிரான்சின் ‘லெ மொண்ட்’ நாளேடு, ஒரே அடையாள எண்ணின் வழியாக அரச கோவைகளைக் கணனிமூலம் ஒன்றிணைக்கும் ‘சபாரி’ என்னும் திட்டத்தை அம்பலப்படுத்திற்று. அதனால் எழுந்த எதிர்ப்பின் விளைவே 1978 சனவரி 6 ஆந் திகதிய சட்டம். அதன் இரண்டாம் உறுப்புரை ஊன்றி நோக்கத்தக்கது. மனித நடத்தையை மதிப்பிடும் எந்த நீதிமன்றத் தீர்ப்பும், ஒருவரின் இயல்பை வரையறுக்கும் கணனிச் செய்முறையை ஆதாரமாகக் கொள்ளலாகாது என அது விதித்தது. நிருவாகத் தீர்மானங்களுக்கும் தனியார் தீர்மானங்களுக்கும் வந்தபோதோ, அச்செய்முறை ‘ஒரே’ ஆதாரமாக இருத்தலாகாது என்பதுடன் அமைந்தது. நீதிபதிக்கு முழுத்தடை, உத்தியோகத்தருக்கும் வங்கியாளருக்கும் அரைத்தடை. ஏழை மக்கள் நீதிபதியைக் காட்டிலும் உத்தியோகத்தரையே அடிக்கடி எதிர்கொள்கின்றனர் என்பதை நோக்குமிடத்து, இவ்வேறுபாட்டைச் சிறிதெனக் கொள்ளவியலாது.

1995 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரையின் 15 ஆம் உறுப்புரையும், 2018 மே மாதம் முதல் பிரயோகிக்கப்படும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 22 ஆம் உறுப்புரையும் அந்த அரைத்தடையையே சுவீகரித்தன. தானியக்கச் செய்முறையை ‘மாத்திரம்’ அடிப்படையாகக் கொண்ட தீர்மானங்களே அவற்றின் வரம்புக்குள் வந்தன.

அச்சொல்லின் விலையை ஒல்லாந்து உணர்த்திற்று. சிறுவர் பராமரிப்புக் கொடுப்பனவு கோரிய விண்ணப்பங்களுக்கு அந்நாட்டு வரி நிருவாகம், தானே கற்றுக்கொள்ளும் மாதிரியொன்றைக் கொண்டு இடர்ப்புள்ளி வழங்கிற்று. விண்ணப்பதாரர் ஒல்லாந்துக் குடிமகனா அல்லரா என்பதும் அதில் ஒரு குறிகாட்டி. உயர்ந்த புள்ளி பெற்ற விண்ணப்பம் உத்தியோகத்தரொருவரின் மேசைக்குச் சென்றது; ஆனால் அப்புள்ளி ஏன் உயர்ந்தது என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. மனிதன் இருந்தான், அறியும் வழி இருக்கவில்லை. ஆயினும் தீர்மானம் ‘இயந்திரத்தினால் மாத்திரம்’ எடுக்கப்பட்டதன்று என வாதிக்க அம்மனிதனின் இருப்பே போதுமானதாயிற்று.

பழியனைத்தையும் இயந்திரத்தின்மேற் சுமத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சிறு தவறுக்கும் முழுத் தொகையையும் மீளச் செலுத்தவேண்டும் என்ற கடுமையான பொருள்கோடலை உயர் நிருவாக நீதிமன்றமே 2019 ஒக்டோபர் வரை ஆதரித்து வந்தது. இயந்திரம் யாரைத் தேடுவதெனக் காட்டிற்று. சட்டம் அவரை வறுமையில் தள்ளிற்று. பல்லாயிரம் குடும்பங்கள், பல பத்தாயிரம் யூரோக்கள் வரையிலான கடனுக்கு ஆளாயின. 2021 சனவரி 15 இல் அமைச்சரவை பதவி துறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை வரி நிருவாகத்துக்கு 27.5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இதற்கு முன்னரே, 2020 பெப்ரவரி 5 இல், ஹேக் மாவட்ட நீதிமன்றம் ‘சிரி’ எனும் வேறொரு மோசடி கண்டறி முறைமையை, ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரைக்கு முரணானதெனத் தள்ளிவிட்டது. அதன் இடர் மாதிரியை வெளியிட அரசு மறுத்தமை தீர்ப்பில் முக்கிய இடம்பெற்றது.

‘மாத்திரம்’ என்பதன் பொருள் 2023 டிசம்பர் 7 இல் ஓரளவு விரிந்தது. ஜேர்மனியின் ‘ஷூஃபா’ கடன்தகைமைப் புள்ளி தொடர்பான வழக்கில், வங்கி அப்புள்ளியையே பெரிதும் சார்ந்திருக்குமாயின் புள்ளியிடலே தீர்மானமாகும் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்த்தது.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தானியக்கச் செய்முறையை மாத்திரம் அடிப்படையாகக் கொண்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையையே வழங்குகின்றது. அது நிறைவேற்றப்பட்டவேளை ஷூஃபாத் தீர்ப்பு வெளிவந்திருக்கவில்லை. ஒல்லாந்து அமைச்சரவை வீழ்ந்து ஓராண்டு கடந்திருந்தது.