உறைக்குப் பின்னால் இருப்பது

தாம்பரம், பல்லாவரம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் கேட்பவை இரண்டு கேள்விகள்: எத்தனை அடி, எவ்வளவு தண்ணீர்? குழாய்க்கும் துளையின் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எதைக்கொண்டு அடைத்தீர்கள் என்பது மூன்றாவது. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

கிணற்றுக்கு உறை இடுவது நமக்குப் புதிதன்று. அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த உறைகிணறுகளில் சுடுமண் உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மண் சரியாமல் தாங்குவது அவற்றின் வேலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் பரவியபோது உறை இரும்புக் குழாயாயிற்று. பின்னர் துருப்பிடிக்காத பிவிசி குழாயாயிற்று.

தென்புறநகரின் அடியில் பரவலாகக் கிடப்பது சார்னக்கைட் பாறை. கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லும் இவ்வகைப் பாறையே என்பதால், 1893இல் தாமஸ் ஹாலந்து இட்ட பெயர் அது. குழாய் மேல்மண்ணைக் கடந்து கெட்டிப் பாறையில் நின்றுவிடும். அதற்குக் கீழே உறை வேண்டியதில்லை. ஆகவே மேல்மட்டத்து அழுக்கு கீழிறங்கச் சுலபமான வழி, குழாயை ஒட்டிய இடைவெளிதான். குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலின் குரோமியம் நிலத்தடி நீரில் கலந்தது நாமறிந்ததே.

இந்த மூன்றாவது கேள்வியை ஒரு நூற்றாண்டாகக் கேட்டுவருவது எண்ணெய்த் துறை. 1903இல் கலிபோர்னியாவின் லோம்போக் வயலில் பிராங்க் ஹில் என்பவர், கிணற்றுக்குள் நீர் புகாதிருக்கக் குழாய்க்கு வெளியே சிமெண்டை ஏற்றினார். சிமெண்ட் இறுகும்போது வெளிவிடும் வெப்பத்தை அளந்து, அது எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று 1930களில் கண்டார்கள். 1960 வாக்கில் ஒலிச் சோதனை வந்தது. பானை வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதைப் போன்றதுதான். ஆனால் பொருள் தலைகீழ்: எஃகுக் குழாய் கணீரென்றால் பின்னால் வெற்றிடம், ஒலி மங்கினால் சிமெண்ட் நன்கு பற்றியிருக்கிறது.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணறு வெடித்து 11 பேர் மாண்டனர். இந்தச் சோதனைக்காக வந்திருந்த குழுவினர் அன்று காலையில்தான் சோதனை செய்யாமலே திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். சோதித்திருந்தால் விபத்து நிச்சயம் தவிர்ந்திருக்கும் என்று சொல்ல இயலாது. கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை என்பது மட்டும் உண்மை.

பிவிசியும் கண்ணாடியிழையும் எஃகைப் போல ஒலிப்பதில்லை. ஒலியைக் கடத்தும் தன்மையில் அவை சிமெண்டுக்கு நெருக்கமானவை. எனவே தட்டிக் கேட்பதில் வேறுபாடு தெளிவாகப் புலப்படாது. அங்கே காமாக் கதிரை அனுப்பி, திரும்பி வரும் கதிர்களை எண்ணிப் பின்னாலுள்ள பொருளின் அடர்த்தியை அறிகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: சிமெண்ட் முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றினால் இறுகும் வெப்பத்தில் பிவிசி நெகிழக்கூடும். ஆதலால் சிறிது சிறிதாக ஏற்றுவது நல்லது.

வீட்டுக் கிணற்றுக்குக் காமாக் கருவி வராது. கணக்கு வரும். 10 அங்குலத் துளையில் 7 அங்குல வெளிவிட்டமுள்ள குழாய் இறங்கினால், 20 அடி இடைவெளியின் கொள்ளளவு ஏறத்தாழ 160 லிட்டர். கலவை அதைவிடக் குறைவாக இறங்கியிருந்தால் எங்கோ வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். மேலிருந்து கொட்டாமல், சிறு குழாய் வழியே அடியிலிருந்து நிரப்பிவரச் சொல்லவும் வேண்டும். துளையிடும் வண்டி வாசலில் நிற்கும்போதே இவற்றைக் கேட்டுவிட வேண்டும். வண்டி போன பிறகு அந்த இடைவெளியை மீண்டும் திறந்து பார்ப்பது எளிதன்று.