பாறையே ஆவணம்: வாஸ்காவ் மணற்கல் கோட்டைகளைப் படிக்கும் முறை

ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள ஃபல்ட்ஸ் காடும் பிரான்சின் வடகிழக்கிலுள்ள வட வோஜ் மலைகளும் கூடும் நிலப்பகுதிக்கு வாஸ்காவ் என்று பெயர். பீச், ஓக், பைன் மரங்கள் அடர்ந்த குன்றுகள், அவற்றின் முடியில் செந்நிற மணற்கல் பாறைகள், பாறைகளின் மேல் இடைக்காலக் கோட்டைகளின் இடிபாடுகள் என்று எல்லையின் இருபுறமும் ஒரே காட்சிதான். 1998இல் யுனெஸ்கோ இந்நிலத்தை இரு நாடுகளுக்கும் பொதுவான உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. இங்கே வரும் பயணிகளில் பெரும்பாலோர் எஞ்சிய சுவர்களைத் தேடுகிறார்கள். சுவர் உயர்ந்து நின்றால் மகிழ்கிறார்கள்; வெறும் பாறை மட்டும் நின்றால் காண ஒன்றுமில்லை என்று இறங்கிவிடுகிறார்கள். இக்கோட்டைகளைப் பொறுத்தவரை அந்தப் பார்வை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இவற்றின் முதன்மைச் சான்று பாறைதான். அதில் வெட்டப்பட்ட படிகள், உத்திரத் துளைகள், நீர்த்தொட்டிகள், வடிகால்கள் ஆகியவற்றிலிருந்தே இவற்றைக் காண்பதும் காப்பதும் தொடங்க வேண்டும்.

இதற்கான முதல் காரணம் கல்லின் இயல்பிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தின் தொடக்கத்தில், வறண்ட நிலத்தில் ஓடிய ஆறுகளும் வீசிய காற்றும் கொண்டுவந்து குவித்த மணல் இறுகி இக்கல் ஆயிற்று. மணல் துகள்களைப் போர்த்திய இரும்பு ஆக்சைடு அதற்குச் செந்நிறம் தந்தது. எல்லா அடுக்கும் ஒரே உறுதி கொண்டதன்று. இளகிய அடுக்குகள் மழையிலும் பனியிலும் கரைய, உறுதியானவை செங்குத்துச் சுவர்களாகவும் தூண்களாகவும் மேசைகளாகவும் நின்றுவிட்டன. உறுதியான அடுக்குகளில் ஒன்றுக்கு நிலவியலார் ட்ரிஃபெல்ஸ் கோட்டையின் பெயரையே சூட்டியிருப்பது பொருத்தமானது. எதிரி ஏற முடியாத அளவுக்குச் செங்குத்து, கொத்தனின் உளிக்கு இடங்கொடுக்கும் அளவுக்கு மென்மை என இரண்டும் ஒரே கல்லில் அமைந்ததால், கட்டுவதும் குடைவதும் இங்கே ஒரே வேலையின் இரு பாதிகளாயின. பாறையை வெட்டி அகழியும் அறையும் படியும் அமைத்தார்கள். வெட்டியெடுத்த கல்லையே மேலே சுவராக அடுக்கினார்கள். பின்னாளில் சுவர்க் கற்களைப் பெயர்த்து வேறு வீடு கட்டிக்கொள்ள முடிந்தது. வெட்டிய பள்ளத்தைப் பெயர்த்துக்கொண்டு போக எவராலும் முடியாது.

பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள ஃப்ளெக்கன்ஸ்டைன் கோட்டை இதற்குத் தக்க சான்று. 12ஆம் நூற்றாண்டில் ஆவணங்களில் தோன்றும் இக்கோட்டை, ஏறத்தாழ 90 மீட்டர் நீளமும் மிகக் குறுகிய அகலமும் கொண்ட ஒரு பாறையின் மேலும் உள்ளும் பக்கவாட்டிலும் அமைந்தது. 1680இல் பிரெஞ்சுப் படை இதைத் தகர்த்தது. இன்று பாறையின் பக்கங்களில் வரிசை வரிசையாகச் சதுரத் துளைகள் தெரிகின்றன. ஒவ்வொரு வரிசையும் ஒரு தளத்தின் உத்திரங்கள் செருகப்பட்ட இடம். துளைகளின் இடைவெளி உத்திரங்களின் நெருக்கத்தையும், வரிசைகளுக்கு இடையிலான உயரம் அறைகளின் உயரத்தையும் சொல்லிவிடும். இத்தகைய பாறைகளில் சாய்வாக ஓடும் பள்ளக்கோடு காணப்பட்டால், அங்கே ஒரு கூரை பாறையோடு முட்டியிருந்தது என்றும், மழைநீர் உள்ளே இறங்காதபடி கூரை விளிம்பைக் கல்லுக்குள் பொருத்தினார்கள் என்றும் அறியலாம். பாறையின் வயிற்றைக் குடைந்த படிக்கட்டில் தேய்ந்த படி எது, தேயாத படி எது என்று பார்த்தால் அன்றாட நடமாட்டத்தின் வழியும் புலப்படும். மரத்தாலான பெரும் குடியிருப்பு எரிந்தும் மக்கியும் மறைந்த பிறகும் அதன் அளவுகள் பாறையில் அப்படியே பதிந்திருக்கின்றன.

நீரைப் பற்றிய சான்று இன்னும் அழுத்தமானது. மணற்கல் நீரைத் தேக்காது, உறிஞ்சி இறக்கிவிடும். ஆகவே பாறை உச்சியில் வாழ்ந்தவர்களின் முதற்கவலை எதிரியைவிடத் தண்ணீராகவே இருந்திருக்கும். பாறைப் பரப்பில் காணும் சிறு கால்வாய்களைப் பின்தொடர்ந்தால் அவை ஒரு தொட்டியில் சென்று முடிகின்றன. கசிவைத் தடுக்கத் தொட்டியின் சுவர்களில் களிமண் பூசினார்கள். வடிகட்டும் வகைத் தொட்டிகளில் நடுவே கிணறு போன்ற குழாயைக் கட்டி, அதைச் சுற்றி மணலும் சரளையும் நிரப்பினார்கள். மழைநீர் அவற்றினூடே ஊறித் தெளிந்து நடுக்குழாயில் சேரும். ஜெர்மன் பக்கமுள்ள பெர்வார்ட்ஸ்டைன் கோட்டையிலோ பாறையை ஊடுருவி 104 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு தோண்டியிருக்கிறார்கள். அந்த ஆழத்தைக் கையுளியால் எட்டிய உழைப்பாளிகளின் பெயர் எந்தச் சாசனத்திலும் இல்லை. பிரபுக்களின் வரலாற்றை ஏடுகள் காத்தன என்றால், அவர்களுக்காகப் பாறை வெட்டியவர்களின் வரலாற்றைக் காத்திருப்பது அவர்களது உளித்தடம் மட்டுமே. பாறையை முதன்மைச் சான்றாகக் கொள்வதில் இந்த நீதியும் அடங்கியிருக்கிறது.

எழுத்து ஆவணங்கள் இருக்கும்போது வாயற்ற பாறையை ஏன் முன்னிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. டான் நகருக்கு மேலே, ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள ஒரே பாறைத்தொடரில் ஆல்ட்டான், கிராஃபன்டான், டான்ஸ்டைன் என மூன்று கோட்டைகள் வரிசையாக நிற்கின்றன. இத்தகைய இடங்களில் பங்காளிகள் பலர் ஒரு கோட்டையைப் பொதுவில் ஆளும் முறையும், வாயிற்காவல், பராமரிப்புச் செலவு, உட்சண்டைத் தடை ஆகியவற்றை வரையறுத்த உடன்படிக்கைகளும் அக்காலத்தில் வழங்கின என்பதை ஏடுகள் இல்லாமல் நாம் அறிந்திருக்க முடியாது. ஆனால் ஏடுகளுக்கும் சார்பு உண்டு. 1589இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரின் கட்டடக் கலைஞர் டானியல் ஸ்பெக்லின் தம் கோட்டைக்கலை நூலில் ஃப்ளெக்கன்ஸ்டைனை வரைந்தார். அப்படத்தில் பாறை வானளாவ நிமிர்ந்து, கோட்டை ஓர் இலட்சிய வடிவாகவே ஆகிவிடுகிறது. பாறை நம் கண்முன் நிற்பதால்தான் அது மிகைப்படம் என்று அறிகிறோம். பெர்வார்ட்ஸ்டைனை ஆண்ட ஹான்ஸ் ஃபொன் ட்ரோட்டாவின் கதையும் இப்படிப்பட்டதே. வைசன்பூர்க் மடத்தோடு பகைகொண்டு ஆற்றை மறித்த அவர் 1503இல் இறந்தார். பின்னர் மக்கள் வாய்மொழியில் ஹான்ஸ் ட்ராப் என்ற பெயரில், கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகளை மிரட்டும் பூச்சாண்டியாகவே மாறிவிட்டார். பகையும் பயமும் புனைந்த உருவத்துக்கு அப்பால், பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் வரை தம் காவலை நீட்டித் துணைக்கோபுரம் எழுப்பிய ஒரு போர்த்தலைவரை அந்நிலத்தின் அமைப்புதான் நமக்குக் காட்டுகிறது. ஏட்டைத் தள்ள வேண்டியதில்லை. பாறையோடு ஒத்துப் பார்த்து ஏற்க வேண்டும்.

பாறை வெட்டுகளுக்குக் காலம் கணிக்க முடியாதே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஐந்நூறு ஆண்டுகள் பலர் ஒரே பாறையைத் திரும்பத் திரும்ப வெட்டியிருக்க, எந்தத் துளை யாருடையது என்று எப்படிச் சொல்வது? தனித்த ஒரு துளைக்குக் காலம் சொல்ல இயலாது என்பது உண்மைதான். ஆனால் வெட்டுகளின் முன்பின் வரிசையைச் சொல்லலாம்: ஒரு படிக்கட்டு ஓர் உத்திரத் துளையைச் சிதைத்துச் சென்றால் படிக்கட்டே பிந்தியது. அருகிலுள்ள சுவர் மேலும் உதவும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட ஹோஹென்ஸ்டாஃபன் மன்னர்கள் காலத்துக் கட்டடங்களில் முகம் புடைத்த கற்கள் விரும்பிப் பயன்படுத்தப்பட்டன. கல்லைத் தூக்கும் இடுக்கியின் பற்கள் பதிந்த குழிகள் 13ஆம் நூற்றாண்டில் பரவலாயின. துப்பாக்கிக்கான சுடுதுளைகள் அதற்கும் பிந்தியவை. இவற்றோடு சில கோட்டைகளின் முடிவுக்காலம் திட்டமாகத் தெரியும். பூசன்பெர்க் அருகிலுள்ள ட்ராஹன்ஃபெல்ஸின் பங்காளிகளில் ஒருவர் ஃபிரான்ஸ் ஃபொன் சிக்கிங்கன். அவர் தொடங்கிய போரில் ட்ரியர், ஃபல்ட்ஸ், ஹெஸ்ஸே ஆட்சியாளர்கள் 1523இல் அவரை வீழ்த்தினர். அவ்வாண்டே ட்ராஹன்ஃபெல்ஸும் அழிக்கப்பட்டது, மீண்டும் எழுப்பப்படவில்லை. ஆகவே அங்குள்ள குடியிருப்புக்கும் காவலுக்கும் உரிய வெட்டுகள் அவ்வாண்டுக்கு முற்பட்டவை. 1680 வரை வாழ்ந்த ஃப்ளெக்கன்ஸ்டைனோடு அதை ஒப்பிட்டால், இடையிலுள்ள ஒன்றரை நூற்றாண்டின் மாற்றங்களைப் பிரித்தறிய வழி பிறக்கிறது. பாறையின் சான்று கடினமானது. கடினம் என்பது அதைக் கைவிடக் காரணமாகாது.

பொதுமக்களுக்குத் துளைகளும் பள்ளங்களும் புரியாது, கோட்டையைத் திருப்பிக் கட்டிக் காட்டினால்தானே வரலாறு விளங்கும் என்பது மூன்றாவது மறுப்பு. இந்த வழியில் சென்றதன் விளைவு கண்முன் இருக்கிறது. அன்வைலர் நகருக்கு மேலுள்ள ட்ரிஃபெல்ஸ் 1081இல் ஆவணத்தில் தோன்றும் கோட்டை. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் புனித ரோமப் பேரரசின் முடியும் செங்கோலும் அங்கே காக்கப்பட்டன. இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் 1193இல் அங்கே சிறைவைக்கப்பட்டார். 1602இல் இடி தாக்கி எரிந்தபின் கோட்டை பாழாயிற்று. 1938இல் நாஜி அரசின் காலத்தில் கட்டடக் கலைஞர் ருடால்ஃப் எஸ்டரரின் திட்டப்படி கட்டத் தொடங்கிய பெருமண்டபம், அங்கே முன்பிருந்த ஒன்றின் மறுவடிவமன்று. பேரரசுப் பெருமையைக் காட்ட அவ்வாட்சி விரும்பிய கற்பனை. இன்று அதைக் காண்பவர் 12ஆம் நூற்றாண்டைக் கண்டதாக எண்ணித் திரும்ப இடமுண்டு. தெற்கே, 1900 முதல் 1908 வரை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்காகப் கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் மீண்டும் எழுப்பிய ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டை விரிவான ஆய்வுக்குப்பின் கட்டப்பட்டது. ஆயினும் எது சான்று, எது ஊகம் என்று சாதாரணப் பார்வையாளர் அங்கே பிரித்தறிய முடியாது. அக்காலத்திலேயே கலைவரலாற்றறிஞர் கேயோர்க் டேஹியோ, பழையதைக் காக்க வேண்டும், புதுக்கிக் கட்டலாகாது என்று வாதிட்டார். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் அகழ்ந்தெடுத்த இடிபாடுகளில் புத்தாக்கக் கட்டுமானத்தை விலக்கி, சிதறிய மூலக்கற்களைத் திரும்பப் பொருத்துவதை மட்டுமே ஏற்கிறது. மக்களுக்கு விளக்க வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்தது. அதற்கு மாதிரியுருவும் வரைபடமும் திரைக்காட்சியும் அடிவாரத்தில் போதும். மாதிரியுரு தவறென்று தெரிந்தால் மாற்றலாம். பாறைமேல் கட்டிய தவறு தன் அடியிலுள்ள சான்றை மூடிவிடும்.

அப்படியே விட்டால் மணற்கல் கரைந்து பாறையின் சான்றே அழியுமே என்ற கடைசி மறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது. கல்லின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது விரிந்து கல்லைப் பிளக்கிறது. மரவேர்கள் வெடிப்புகளை அகலமாக்குகின்றன. பார்வையாளர் காலடியும் படிகளைத் தேய்க்கிறது. ஆனால் இதற்கு மருந்து மறுகட்டுமானமன்று, இடைவிடாத பராமரிப்பு. சுவர்முடியில் நீர் இறங்காதபடி மூடுதல், அடைபட்ட பழைய வடிகால்களைத் திறந்துவிடுதல், வெடிப்பிலுள்ள நாற்றுகளைச் சிறிதிலேயே அகற்றுதல் ஆகியவை அடிப்படைப் பணிகள். பூச்சுக்கு இளகிய சுண்ணச்சாந்து ஏற்றது. கடினமான சிமென்ட் ஈரத்தையும் உப்பையும் அடைத்துவைத்து, பக்கத்திலுள்ள மென்கல்லைத்தான் அரிக்கச் செய்யும். பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் பாறைமுகத்தை அளந்து பதிவுசெய்தால், கரைந்துபோகும் பகுதியும் ஆய்வுக்குக் கிடைக்கும். இப்பாறைகளில் பொரி வல்லூறு கூடுகட்டும் பருவத்தில் பாறையேற்றத்துக்குத் தடை விதிக்கும் வழக்கம் அங்கு உண்டு. பறவைக்காகப் பாறையை விட்டு விலகி நிற்கத் தெரிந்த சமூகம், அதில் பதிந்த வரலாற்றுக்காகவும் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்கும்.

இக்கோட்டைகளைக் காணச் செல்லும் வாசகருக்குச் சில சொற்கள். காடு சூழ்ந்த இடிபாட்டின் அழகில் மயங்கி, கோட்டை வாழ்ந்த காலத்திலும் இப்படியே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. காவலுக்குப் பார்வை தேவைப்பட்டதால் அன்று கோட்டைச் சரிவுகளில் மரங்களை வளரவிடவில்லை. வேகல்ன்பூர்க், ஹோஹென்பூர்க், லோவன்ஸ்டைன், ஃப்ளெக்கன்ஸ்டைன் ஆகிய நான்கையும் ஒரே நடைப்பயணத்தில் காணலாம். முதலாவது ஜெர்மனியிலும் மற்றவை பிரான்சிலும் உள்ளன. ஆனால் அவற்றை வெட்டியவர்களுக்கு அந்த எல்லை இருந்ததில்லை. சுவரைப் பார்ப்பதற்கு முன் பாறையைச் சுற்றி வாருங்கள். துளை வரிசைகளை எண்ணுங்கள், சிறு கால்வாய்களைத் தொட்டிவரை பின்தொடருங்கள், எந்த வெட்டு எதைச் சிதைத்திருக்கிறது என்று கவனியுங்கள். உளிக்கு இளகிய இக்கல் சாவிக்கும் கத்திக்கும் இளகும். அதில் புதிதாகக் கீறப்படும் ஒவ்வொரு பெயரும் பழைய உளித்தடம் ஒன்றை அழிக்கிறது. ஆதலால் அப்பாறைகளில் எதையும் எழுதாமல் வருவது, அங்கே செல்லும் ஒவ்வொருவரும் வரலாற்றுக்குச் செய்ய வேண்டிய முதற்கடமை.