மாவோரி எலும்பணிகள்

பாலினீசியத் தீவினர் ஐரோப்பியர் வருமுன் உலோகம் உருக்கியதில்லை. தூண்டில் முள், ஊசி, ஈட்டிமுனை எல்லாம் எலும்பிலும் கிளிஞ்சலிலும் கல்லிலுமே உருவாயின. அணிகலனும் அந்தப் பட்டறையில் பிறந்ததுதான். நியூசிலாந்தில் 13ஆம் நூற்றாண்டையொட்டிக் குடியேறிய மாவோரிகளுக்கு மோவா என்னும் பறக்காத பெரும்பறவையின் எலும்பு தாராளமாகக் கிடைத்தது. வைராவு ஆற்றுமுகச் சரளைத்திட்டின் புதைகுழிகளில் மோவா எலும்பில் கடைந்த மணிகளும் திமிங்கிலப் பல் பதக்கங்களும் வெளிப்பட்டன. மோவா இனம் வேட்டையில் அழிந்தபின் திமிங்கிலமும் நாயும் கடற்பறவையும் எலும்பு தந்தன. மனித எலும்பும் விலக்கல்ல. பகைவனின் எலும்பில் தூண்டில் செய்வது அவன் குலத்துக்கே இழைக்கும் அவமதிப்பு.

இன்று பரவலாக அணியப்படும் 'ஹெய் மதாவு' பதக்கம் தூண்டில் முள்ளின் வடிவம் கொண்டது. ஹவாயிலும் உயர்குடியினர், கொக்கிபோல் வளைத்த திமிங்கிலப் பல்லை மனிதக் கூந்தல் பின்னல்களில் கோத்து அணிந்தனர். கடைகளில் தொன்மையானதாக விற்கப்படும் முறுக்கு வடிவமோ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். ஒன்றன்கீழ் ஒன்று நுழையும் அந்த வளைவுகளைக் குடைவதற்குச் சுழல் கருவிகளே கைகொடுத்தன. இரும்பு வந்தபின் நலிந்த எலும்புச் செதுக்குக்கலை 1970களில் புத்துயிர் பெற்றது. நியூசிலாந்தில் 1978ஆம் ஆண்டின் சட்டம் கடல் பாலூட்டிகளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. எனவே கைவினைஞர் பெரிதும் நம்பியிருப்பது மாட்டின் நல்லி எலும்பை.

முதலில் அந்த எலும்பின் மூட்டுமுனைகளை அறுத்து, மஜ்ஜையை நீக்கி, சோப்புநீரில் மெல்லக் கொதிக்கவைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும். எஞ்சிய கொழுப்பு பின்னாளில் திட்டுத்திட்டாக மஞ்சளிக்கும். கொதி மிகுந்தால் எலும்பு நொறுங்கும். காய்ந்த எலும்பை நீளவாக்கில் பலகையாக அறுப்பதில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. எலும்பின் இழை நீளவாக்கில் ஓடுவதால், அதற்குக் குறுக்கே நீளும் மெல்லிய கிளை எளிதில் முறியும். கொக்கியின் தண்டு இழையோடு அமைய, வளைவு தடிமனாக நிற்க வேண்டும். பழைய தூண்டில்களின் பருத்த அடிவளைவுக்கு அழகைவிட உறுதியே முதற்காரணம்.

பலகையில் வடிவத்தை வரைந்தபின் உள்வெளிகளைத் துளையிட்டு, கம்பி ரம்பத்தால் அறுத்து, அரத்தால் உருட்டி, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். முன்னோர் இதற்கு மணற்கல்லையும் கயிற்றால் சுழலும் கல்முனைத் துளைப்பானையும் கொண்டிருந்தனர். எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கேடு. நீர்த் தேய்ப்போடு முகக்கவசமும் கட்டாயம். பதக்கத்தை முன்பு உள்ளூர் நார்ச்செடியின் நாரில் கட்டினர்; இப்போது மெழுகு பூசிய நூல். நீரில் ஊறவிடாமல், வெயிலில் காயவிடாமல், அவ்வப்போது சிறிது எண்ணெய் தடவினால் விரிசல் விடாது.